காட்டோரத்தில் குரங்கு செத்தால் இடத்தைக் குறித்து வையுங்கள்

மழை ஓய்ந்து, பனி இறங்கி, இலை உதிரத் தொடங்கும் காலத்தில்தான் காட்டோர விவசாயிக்குக் காட்டில் வேலை அதிகம். விறகு சேர்க்க வேண்டும். தொழுவத்தில் பரப்புவதற்குச் சருகு கூட்ட வேண்டும். வயலில் பசும்புல் குறைந்துவிட்டால் மாட்டைக் காட்டுப் பக்கம் ஓட்ட வேண்டும். இந்த மாதங்களில் காலிலோ இடுப்பிலோ உண்ணி கடித்த தடிப்பு இல்லாத ஆளைக் காட்டோரக் கிராமங்களில் பார்ப்பது அரிது. யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அதேபோல் ஓடைக்கரையில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தாலும் யாரும் அதைச் செய்தியாக எண்ணுவதில்லை. மனம் இளகியவர்கள் மாலை போட்டுப் புதைத்துவிட்டு வருவார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார்கள்.

உண்ணிக் கடியையும் குரங்கின் சாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதைக் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டம் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அங்கே நோய் பரவும் காலத்தில் குரங்கு செத்த ஒவ்வொரு இடத்தையும், காய்ச்சல் கண்ட ஒவ்வோர் ஊரையும் வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறார்கள். அடுத்த வாரம் எந்தக் கிராமத்தில் காய்ச்சல் வரக்கூடும் என்பதை அந்தப் புள்ளிகளைக் கொண்டே ஊகிக்கிறார்கள். ஆனால் புள்ளி தானாக வந்து வரைபடத்தில் விழுவதில்லை. மாடு மேய்ப்பவரும் சருகு கூட்டுபவரும் வந்து சொன்னால்தான் விழும். நீலகிரியிலும் அதையொட்டிய மலையடிவாரங்களிலும் நிலம் வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது.

1957-ல் நடந்தது

அன்றைய மைசூர் மாநிலத்தில் சிமோகா மாவட்டம், சொரப தாலுகாவில் கியாசனூர் என்ற காடு இருக்கிறது. 1957 மார்ச் மாதத்தில் அந்தப் பகுதியிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, காட்டில் குரங்குகள் செத்து விழுகின்றன. மற்றொன்று, காட்டையொட்டிய கிராமங்களில் மக்களுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டிருக்கிறது, சிலர் இறந்தும் விட்டார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மருத்துவர்களுக்குப் பெரும் பயம் ஏற்பட்டது. தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போதும் முதலில் குரங்குகள்தான் சாகும். இந்தியாவில் அதுவரை மஞ்சள் காய்ச்சல் வந்ததே இல்லை. அதைப் பரப்பக்கூடிய கொசுவோ இங்கே ஊர்தோறும் இருக்கிறது. அந்த நோய் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அஞ்சினார்கள்.

புனாவில் 1952-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து டெல்ஃபோர்ட் ஒர்க், ஹெரால்டு டிராப்பிடோ முதலிய விஞ்ஞானிகள் வந்தார்கள். செத்த குரங்கிலிருந்தும் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் காட்டு உண்ணிகளிலிருந்தும் கிருமியைப் பிரித்துப் பார்த்தார்கள். அது மஞ்சள் காய்ச்சல் அல்ல. ரஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் ஒரு மூளைக் காய்ச்சலின் வைரஸுக்கு உறவான, அதுவரை யாரும் அறியாத புது வைரஸ். அந்தக் காட்டின் பெயரையே வைத்துக் கியாசனூர் காட்டு நோய் என்றார்கள். கன்னட விவசாயிகள் 'மங்கன காயிலெ' என்கிறார்கள். அதாவது குரங்குக் காய்ச்சல். சில ஆண்டுகளாகச் செய்தியில் அடிபடும் குரங்கு அம்மை வேறு நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ரஷ்ய வைரஸுக்கு உறவு என்றதும், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் இதைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராயத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். பறவை மீதான குற்றம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் நம் நாட்டுப் பறவை ஆராய்ச்சிக்கு அதனால் நல்ல பலன் கிடைத்தது. ஒரு காய்ச்சலின் சுவடைத் தேடிப் போன வழியில் இப்படியும் ஒரு நன்மை.

உண்ணி, குரங்கு, மாடு

இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. காட்டில் மூஞ்சூறு, எலி போன்ற சிறு பிராணிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே வைரஸ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். உண்ணி கடித்துக் குரங்குக்குப் போனால்தான் விபரீதம். முகம் கறுத்த மந்தியும் நாம் ஊரில் பார்க்கும் நாட்டுக் குரங்கும் இந்த நோயில் மடிகின்றன. குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேல் இருந்த உண்ணிகள் இறங்கிவிடுகின்றன. அந்த இடத்துச் சருகிலும் புதரிலும் நோய் ஏந்திய உண்ணிகள் அடுத்த ரத்தத்துக்காகக் காத்திருக்கின்றன. அந்த வழியாகச் சருகு கூட்ட வருபவருக்கு அங்கேதான் ஆபத்து.

மனிதரைக் கடித்து நோயைத் தருவது பெரும்பாலும் வளர்ந்த உண்ணி அல்ல, எள்ளளவு இருக்கும் இளம் உண்ணி. கடிப்பதுகூடத் தெரியாது. மழை முடிந்து சருகு காயும் காலத்தில் இளம் உண்ணிகள் பெருகுவதால்தான் டிசம்பரிலிருந்து மே வரை இந்த நோய்க்குப் பருவம் என்கிறார்கள். நமது காட்டு வேலைகளுக்கும் அதுவே பருவம்.

மாட்டின் பங்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. வைரஸைப் பெருக்குவதிலும் அதற்குப் பெரிய பங்கு இல்லை என்றே கண்டிருக்கிறார்கள். ஆனால் வளர்ந்த பெண் உண்ணிக்கு மாடுதான் நல்ல தீனி. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி கீழே விழுந்து ஏராளமாக முட்டையிடும். ஆகவே காட்டில் மேயும் மாடுகள் கூடினால் உண்ணியும் கூடும். மாடு வளர்ப்பதே குற்றம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. மாட்டின் மேலுள்ள உண்ணியைக் குறைத்தால் காட்டு உண்ணியின் பெருக்கமும் குறையும் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

கடிபட்டு மூன்று முதல் எட்டு நாட்களில் திடீரென்று குளிர் காய்ச்சல் வரும். நெற்றிப் பொட்டில் தாங்க முடியாத வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி, வாந்தி, வயிற்றுக் கோளாறு தொடரும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். பலர் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் திரும்பி வந்து தலைவலி, நடுக்கம், புத்தித் தடுமாற்றம் ஏற்படும். நூறு பேருக்கு மூன்று முதல் ஐந்து பேர்வரை இறக்கிறார்கள். இந்த வைரஸை நேரே கொல்லும் மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நீர்ச்சத்து குறையாமலும் ரத்தப்போக்கு முற்றாமலும் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. நாள் தவறாமல் போனவர்கள் பிழைக்கிறார்கள்.

புள்ளி வைக்கும் முறை

செத்த குரங்கு கண்ணில் பட்டதும் கிராமத்தார் வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் உரிய பாதுகாப்பு உடையோடு வந்து மாதிரி எடுப்பார். சுற்றிலும் உள்ள புதரில் வெள்ளைத் துணியை இழுத்து அதில் ஒட்டும் உண்ணிகளையும் சேகரிப்பார்கள். எல்லாம் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இதற்கிடையில் அந்த இடம் வரைபடத்தில் ஏறும். முடிவுக்குக் காத்திராமல் அந்த இடத்தைச் சுற்றியும், மக்கள் போய் வரும் காட்டுத் தடங்களிலும் மாலத்தியான் தூள் தூவுவார்கள். குரங்கிலோ உண்ணியிலோ மனிதரிலோ வைரஸ் உறுதியானால் அந்தப் புள்ளியிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வரும் கிராமங்களில் தடுப்பு வேலை நடக்கும். 1990 முதல் பல ஆண்டுகள் கர்நாடகத்தில் இந்தச் சுற்றளவைக் கணக்கிட்டே தடுப்பூசியும் போட்டு வந்தார்கள். அந்தப் பழைய ஊசியின் பலன் போதவில்லை என்று 2022-ல் அதை நிறுத்திவிட்டார்கள். புதிய ஊசிக்கான முயற்சி தொடங்கியிருக்கிறது. ஊசி இல்லாத நிலையில், எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று காட்டும் வரைபடத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

நோயைப் புள்ளியிட்டுப் பிடிக்கும் யுக்தி பழையது. 1854-ல் லண்டனில் பிராடு தெருவைச் சுற்றிக் காலரா கண்டு அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் சாவு நடந்த வீடுகளை விசாரித்தார். பெரும்பாலானவை ஒரு தெருக்குழாயைச் சுற்றியே இருந்தன. பின்னர் அவர் வெளியிட்ட வரைபடத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. அவர் சொன்னதன் பேரில் செப்டம்பர் 8-ல் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலரா அதற்குள் தணியத் தொடங்கிவிட்டது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையும் பாராட்டத்தக்கது. ஆனால் அவர் வேலையில் நமக்கு முக்கியமான பாடம் குழாயடிக்கு வெகு தூரத்தில் நடந்த ஒரு சாவில் இருக்கிறது. ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் ஒரு விதவை காலராவால் இறந்தார். அங்கே வேறு யாருக்கும் காலரா இல்லை. வீட்டை மட்டும் புள்ளியிட்டால் அது புரியாத புதிர். விசாரித்ததில், அந்த அம்மாள் பிராடு தெருத் தண்ணீரின் ருசிக்காக நாள்தோறும் அதைத் தருவித்துக் குடித்தது தெரிய வந்தது. அதாவது, ஆள் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதைக் காட்டிலும் நோய் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

குரங்குக் காய்ச்சலுக்கு இது அப்படியே பொருந்தும். விளங்குவதற்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் வாரத்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். மேலத் தெருவில் மூன்று பேர், கீழத் தெருவில் இரண்டு பேர், பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்துபோகும் ஒருவர். வீடு வாரியாகப் புள்ளி வைத்தால் ஒன்றும் புலப்படவில்லை. சுகாதார ஊழியர் மறுபடியும் வீடு வீடாகப் போய், "காய்ச்சல் வருவதற்கு முந்தைய பத்து நாளில் எங்கெல்லாம் போனீர்கள்?" என்று கேட்கிறார். ஐந்து பேர் ஓடைக்குக் கிழக்கே உள்ள சரிவில் சருகு கூட்டியிருக்கிறார்கள். ஆறாவது ஆள் அதே ஓடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அதே சரிவின் மேட்டில் இரண்டு குரங்குகள் செத்துக் கிடந்ததை மாடு மேய்க்கும் ஒரு பையன் பார்த்திருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்த இடங்களைப் புள்ளியிட்டதும் ஆறும் ஒரே இடத்தில் குவிகின்றன. பையன் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஆறு பேரும் அந்தச் சரிவுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

இதில் விவசாயிக்கு இன்னொரு லாபமும் உண்டு. எந்தச் சரிவில் நோய் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் அந்தச் சரிவை மட்டும் ஒதுக்கினால் போதும். மேற்கே உள்ள தடத்தில் மாடு போகலாம், விறகும் எடுக்கலாம். "அந்தக் காட்டுப் பக்கம் எங்கோ குரங்கு செத்ததாம்" என்ற அளவில் தகவல் இருந்தால் அதிகாரிகளால் என்ன செய்ய முடியும்? காடு முழுவதற்கும் போகாதே என்பார்கள். மொட்டையான தகவலால் நஷ்டப்படுவது காட்டை நம்பிப் பிழைப்பவர்கள்தான்.

புள்ளிகள் தெற்கே வந்த கதை

முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு இந்த நோயின் புள்ளிகள் பெரும்பாலும் சிமோகா மாவட்டத்தின் சாகர், சொரப, சிகாரிபுரா வட்டாரத்திலேயே இருந்தன. அப்புறம் மெல்ல வட கன்னடம், தென் கன்னடம், சிக்மகளூர் என்று நகர்ந்தன. 1982-83 பருவத்தில் தென் கன்னட மாவட்டம் பெல்தங்கடி தாலுகாவில் மிகப் பெரிய அளவில் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. காட்டின் ஒரு பகுதியை வெட்டி முந்திரி நடும் வேலை அங்கே நடந்தது. காட்டைக் குலைத்த இடத்தில் ஆளும் உண்ணியும் நெருக்கு நேராகச் சந்தித்தார்கள். 2015-ல் கோவாவின் சத்தாரி தாலுகாவிலும், 2016-ல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் கண்டபோது, முந்திரித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அதில் பலர். முந்திரி அறுவடையும் உண்ணிப் பருவமும் ஒன்றாக வருவதை முந்திரி விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான செய்தி 2012 டிசம்பரில் வந்தது. சாமராஜநகர் மாவட்டத்தில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் செத்தன. அந்தச் சடலங்களைத் தக்க பாதுகாப்பு இல்லாமல் கையாண்டு எரித்த வேலையில் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் குரங்குக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. சிமோகாவிலிருந்து அவ்வளவு தூரம் தெற்கே வைரஸ் இருக்கும் என்று அதுவரை பலர் நினைக்கவில்லை. பந்திப்பூருக்கு அடுத்த எல்லையே நமது முதுமலை. அதே 2012-13 பருவத்தில் நீலகிரியிலும் கேரளத்தின் வயநாட்டிலும் செத்த குரங்குகளில் வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வயநாட்டில் அடுத்தடுத்த ஆண்டுகளில் மக்களுக்கும் நோய் வந்து உயிர்கள் போயின. காட்டுக்கு மாநில எல்லை தெரியாது. கூடலூர், மசினகுடி வட்டாரத்து விவசாயியும் குண்டலுப்பேட்டை விவசாயியும் ஒரே காட்டின் இரண்டு ஓரங்களில் இருக்கிறார்கள்.

வெள்ளையாக இருக்கும் இடம்

வரைபடத்தைப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, புள்ளி இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று முடிவு கட்டுவது. புள்ளி இல்லை என்றால் நோய் இல்லாமல் இருக்கலாம். செத்த குரங்கை யாரும் பார்க்காமலும் இருக்கலாம். பார்த்தும் சொல்லாமலும் இருக்கலாம். அடர்ந்த காட்டில் செத்த குரங்கைக் கழுதைப்புலியோ பன்றியோ தின்றுவிட்டால் தடமே இருக்காது. நோயுற்ற குரங்கு தள்ளாடிக்கொண்டே வெகு தூரம் வந்து சாவதும் உண்டு. அப்போது புள்ளி ஓர் இடத்தில் விழும், ஆபத்து இன்னோர் இடத்திலும் இருக்கும். குரங்கு சாகாமலே மனிதருக்குக் காய்ச்சல் வந்த ஊர்களும் உண்டு. ஆகவே பருவ காலத்தில் காட்டுக்குப் போய்வந்தவருக்கு இந்த அறிகுறிகளோடு காய்ச்சல் கண்டால், "எங்கள் ஊரில் குரங்கு சாகவில்லையே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

இந்தக் குறையை ஈடுகட்ட விஞ்ஞானிகள் வேறு வழியிலும் வரைபடம் போடுகிறார்கள். நோய் கண்ட ஊர்களின் காடு, தோட்டம், மாடு ஆகியவற்றின் கணக்கை எடுத்து, அதேபோன்ற அமைப்பு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பது அந்த முறை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஈரமான பசுமைக்காடும் தோட்டப் பயிரும் கலந்து கிடந்து, நாட்டு மாடுகளும் அதிகமாக உள்ள இடங்களில் இந்த நோய்க்கு வாய்ப்பு கூடுதல். காடும் தோட்டமும் மாடும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் நீலகிரிச் சரிவு விவசாயிக்கு இந்த வர்ணனையைப் படித்ததும் தன் ஊர் ஞாபகம் வரும். ஆனாலும் இவ்வகை வரைபடம் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லும். இந்த வாரம் எந்த ஓடைக்கரையில் ஆபத்து என்று சொல்லாது. அதை ஊரில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

சொல்லாமல் இருப்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. காட்டில் மாடு மேய்ப்பதற்கு ஏற்கெனவே தடைகளும் கெடுபிடிகளும் உண்டு. "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்பார்களோ என்ற பயத்தில் குரங்கு கிடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வந்தால் பாலும் பாக்கும் விலைபோகாது, பெண் எடுக்க வரமாட்டார்கள் என்ற கவலையும் உண்டு. இந்தப் பயங்களை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தகவல் சொன்னவரைத் துருவித் துருவிக் கேட்டு மிரட்டும் ஊழியர் ஒருவர் இருந்தால் அந்த வட்டாரத்தில் பத்து ஆண்டுகளுக்குப் புள்ளியே விழாது. நோயாளியின் பெயரையும் வீட்டையும் பொதுப் பார்வைக்கு வைக்கும் வரைபடத்தில் போடவே கூடாது. அலுவலகக் கணக்கில் இருந்தால் போதும். பாலைப் பொறுத்தவரை, கர்நாடகத்தில் பசும்பாலின் மூலம் இந்த நோய் பரவியதாகச் சான்று இல்லை. எப்போதும் போலக் காய்ச்சிக் குடிக்கலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

செத்த குரங்கை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பக்தியோடு மாலை போட்டு, தோளில் தூக்கிச் சென்று புதைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. காட்டோரத்தில், அதிலும் டிசம்பர் முதல் மே வரையில், அந்த மரியாதையை எட்ட நின்று செய்வது நலம். பந்திப்பூரில் நடந்ததை மேலே சொன்னோம். நாயையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல் இருக்க வேண்டும். மின்கம்பியில் அடிபட்டோ நாய் கடித்தோ செத்த குரங்காகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது நம் வேலையல்ல. எதுவானாலும் தகவல் சொல்லிவிட வேண்டும்.

வனத்துறை ஊழியர், ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவர் ஆகிய மூவரில் யாரிடம் சொன்னாலும் சரி. தமிழ்நாட்டில் சுகாதார உதவிக்கு 104 என்ற எண்ணும், கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணும் உள்ளன. சொல்லும்போது இடத்தை ஒரு புதிய ஆள் தேடிக் கண்டுபிடிக்கும்படி சொல்ல வேண்டும். "ஊருக்கு மேற்கே" என்றால் போதாது. பட்டா நிலமாக இருந்தால் சர்வே எண் சொல்லலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். காப்புக்காட்டுக்குள் சர்வே எண் இருக்காது. அங்கே எல்லைக் கற்குவியலின் எண், ஓடைகள் சேரும் இடம், மாட்டுத் தடம் பிரியும் இடம், பெரிய மரம் என்று அடையாளம் கொடுக்கலாம். கையில் கைப்பேசி இருந்தால் அந்த இடத்திலேயே நின்று இருப்பிடத்தை அனுப்பிவிடலாம். சிக்னல் இல்லாத காட்டில் எட்ட நின்று ஒரு போட்டோ எடுத்து வந்தால் போதும். இருப்பிடம் பதியும்படி அமைத்துள்ள கைப்பேசியானால் போட்டோவிலேயே இடம் பதிந்திருக்கும்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது, அதற்கு முந்தைய பத்து நாளில் எந்தக் காட்டுத் தடத்தில் போனார், என்ன வேலை செய்தார், உண்ணி கடித்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்ல வேண்டும். முதல் சில நாட்களில் ரத்தம் எடுத்தால்தான் வைரஸை நேரடியாகக் கண்டுபிடிக்க முடியும். ரத்தம் கசியும் ஆபத்துள்ள நோய் என்பதால் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது.

சருகைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-12 பருவத்தில் சிமோகா மாவட்டத்தில் நோயாளிகளையும் நோய் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு விசாரித்தபோது, காட்டுக்குப் போனவர்களோடு, வீட்டையொட்டிச் சருகைக் குவித்து வைத்திருந்தவர்களுக்கும் மாட்டைக் கையாண்டவர்களுக்கும் நோய் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது. சருகோடு உண்ணியும் வீட்டுக்கு வருகிறது. ஆகவே சருகுக் குவியலை வாசலிலும் திண்ணையோரத்திலும் போடாமல் தள்ளிப் போட வேண்டும். குரங்கு செத்த சரிவிலிருந்து அந்தப் பருவத்தில் சருகு எடுக்கவே கூடாது. காட்டுக்குப் போகும்போது காலை மூடும் உடை உடுத்தி, உண்ணி விரட்டும் தைலம் தடவிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டுவிட்டுச் சோப்புத் தேய்த்துக் குளிக்க வேண்டும். காட்டில் பட்டி போட்டு மாடு அடைப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டு, பருவம் தொடங்குவதற்கு முன்பே உண்ணி மருந்து கொடுப்பது நல்லது. மருந்தின் அளவை அக்கம்பக்கத்தாரைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

காட்டோரப் பஞ்சாயத்துகள் கிராம வரைபடத்தின் நகல் ஒன்றை அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம். அதில் ஓடை, மாட்டுத் தடம், சருகு எடுக்கும் சரிவு, பட்டி போடும் இடம் ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறிக்க வேண்டும். அரசு வரைபடத்தில் இவை இருக்காது, மேய்ப்பவர்களின் நினைவில்தான் இருக்கும். குரங்கு செத்தால் சிவப்பில் ஒரு புள்ளியும் பக்கத்தில் தேதியும் போட வேண்டும். ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்ததும் அதையும் எழுத வேண்டும், நோய் இல்லை என்று வந்தாலும் எழுத வேண்டும். தகவல் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்லி அனுப்புவது அதிகாரிகளின் கடமை. அது நடக்காத இடத்தில் இரண்டாவது முறை யாரும் வந்து சொல்வதில்லை.

இவையெல்லாம் அன்றன்றைக்கே நடக்க வேண்டும். அழுகிப்போன குரங்கிலிருந்து எடுக்கும் மாதிரி பரிசோதனைக்குப் பெரும்பாலும் உதவாது. காலையில் பார்த்ததை மாலை மாடு திரும்பிய பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், இருட்டிய பின் யாரும் காட்டுக்குள் போக மாட்டார்கள். மறுநாள் போனால் தோலும் எலும்பும்தான் மிச்சம் இருக்கும்.